எல்ம் மரம் பட்டால் மோரல் முளைக்கும்

அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்தில் ஏப்ரல் கடைசியில்கூடப் பனி விழுவதுண்டு. மே பிறந்து லைலாக் புதர்கள் பூக்கும் சமயத்தில், குனிந்த தலை நிமிராமல் ஒரு கூட்டம் காட்டுக்குள் நடக்கத் தொடங்கும். கையில் கூடையும் சின்னக் கத்தியும். கால்சட்டையின் விளிம்பைக் காலுறைக்குள் செருகியிருப்பார்கள். லைம் நோயைப் பரப்பும் மான் உண்ணிகள் அங்கே அதிகம். இவ்வளவு பாடும் மோரல் என்ற காளானுக்காக.

விரல் உயரம்தான் இருக்கும். தேனடையைப் போலக் குழிகுழியான தலை, சருகின் நிறம். காலடியிலேயே இருந்தாலும் புதிய கண்ணுக்குத் தெரியாது. தேர்ந்தவர்கள் தரையைத் தேடுவதில்லை, முதலில் அண்ணாந்து மரத்தைப் பார்க்கிறார்கள். பட்டுப்போய்க்கொண்டிருக்கும் எல்ம் மரம், பட்டை அப்போதுதான் கழன்று தொங்க ஆரம்பித்திருக்க வேண்டும். அதன் அடியில்தான் குனிவார்கள்.

இந்த எல்ம் மரங்களின் கதை சோகமானது. 1930 வாக்கில் ஐரோப்பாவிலிருந்து வந்த மரக்கட்டைகளோடு ‘டச்சு எல்ம் நோய்’ அமெரிக்காவில் இறங்கியது. அதுவும் ஒரு பூஞ்சைதான். வண்டுகள் சுமந்து பரப்ப, கோடிக்கணக்கான மரங்கள் மாண்டன. ஒரு பூஞ்சை கொன்ற மரத்தின் காலடியில் இன்னொரு பூஞ்சை விருந்து வைக்கிறது! மண்ணுக்குள் வேரை அண்டி வாழும் மோரலின் இழைகள், மரம் சாகும்போது உணவு வரத்து நின்றுபோவதை உணர்ந்து, வித்துகளைப் பரப்பிவிடும் அவசரத்தில் காளான்களை மேலே அனுப்புகின்றன என்பது ஒரு விளக்கம். மேற்கு மாநிலங்களில் காட்டுத்தீ எரிந்த இடத்தில் மறு வசந்தத்தில் மோரல் குவியலாக முளைப்பதும் இதோடு பொருந்துகிறது.

பழைய ஆப்பிள் தோட்டங்களிலும் மோரல் கிடைக்கும். ஆனால் விவரம் தெரிந்தவர்கள் அங்கே கூடையைத் திறப்பதில்லை. டிடிடி பூச்சிக்கொல்லி வருவதற்கு முன் அந்த மரங்களுக்கு ஈய ஆர்சனேட் தெளித்தார்கள். ஈயமும் ஆர்சனிக்கும் மண்ணைவிட்டு லேசில் போகாது, காளானுக்குள்ளும் ஏறும்.

இதையெல்லாம் சொல்லித் தரத்தான் சங்கங்கள். வட அமெரிக்காவின் மிகப் பழைய காளான் ஆர்வலர் சங்கம் 1895இல் பாஸ்டனில் தொடங்கியது. சில ஆண்டுகளிலேயே மின்னசோட்டாவும் தொடர்ந்தது. இப்படிப்பட்ட சங்கங்களின் காட்டு நடையில் முக்கியமான கட்டம், நடந்து முடித்தபின் கூடைகளைக் கொட்டும் மேசை.

அங்கே காளானை நுனியிலிருந்து அடிவரை நெடுக்காகக் கீறுவார்கள். உண்மையான மோரல் உள்ளே முழுக்கக் காலி. தலையும் தண்டும் ஒரே கூடாக ஒட்டியிருக்கும். தண்டுக்குள் பஞ்சு போல ஏதாவது இருந்து, தலை குடை மாதிரி உச்சியில் மட்டும் ஒட்டியிருந்தால் அது வெர்பா என்ற வேறு காளான். மூளை மடிப்புப் போலச் சுருண்டு, உள்ளே அறை அறையாகத் தெரிந்தால் பொய் மோரல் எனப்படும் ஜைரோமிட்ரா. அதிலுள்ள நஞ்சு உடம்புக்குள் மோனோமெத்தில் ஹைட்ரசினாக மாறுகிறது. அமெரிக்க விண்வெளி ஓடத்தின் சில எஞ்சின்களில் எரிபொருளாக ஊற்றப்பட்ட அதே வேதிப்பொருள்! கொதிக்கும் சட்டியின் ஆவியை முகர்ந்தாலே சமைப்பவருக்கு ஆபத்து. ஆனாலும் ஃபின்லாந்தில் எச்சரிக்கைக் குறிப்போடு இது சந்தையில் விற்பனையாகிறது. இரண்டு முறை வேகவைத்துத் தண்ணீரைக் கொட்டிவிட்டுச் சாப்பிடுகிறார்கள். நாக்கு ருசி மனிதனை எதுவரை கொண்டுபோகும் பாருங்கள்.

சங்கத்துக்காரர்களைப் பொழுதுபோக்குக் கூட்டம் என்று ஒதுக்கிவிட முடியாது. இல்லினாய்ஸைச் சேர்ந்த மைக்கேல் குவோ ஆங்கில ஆசிரியர். காளான் அவருடைய ஆர்வம். நாடெங்கும் இருந்த ஆர்வலர்கள் பறித்து அனுப்பிய மோரல்களின் மரபணுவை ஆய்ந்து, அவரும் அறிவியலாளர்களும் 2012இல் வெளியிட்ட கட்டுரை அமெரிக்கா, கனடாவின் மோரல்களை 19 இனங்களாகப் பிரித்தது. அவற்றில் 14 புதிதாகப் பெயர் பெற்றவை. இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. 1984இல் மின்னசோட்டா தன் மாநிலக் காளானாகச் சட்டம் போட்டு அறிவித்தது ‘மோர்கெல்லா எஸ்குலெண்டா’வை. புதிய வகைப்பாட்டின்படி அது ஐரோப்பிய இனம். அமெரிக்காவின் மஞ்சள் மோரல் வேறு.

நல்ல மோரலும் பச்சையாக நல்லதல்ல. 2023 வசந்தத்தில் மொன்டானா மாநிலத்து உணவகம் ஒன்றில், பச்சையாகவோ அரைவேக்காடாகவோ பரிமாறப்பட்ட மோரலைச் சாப்பிட்டு 51 பேர் நோயுற்றார்கள், இருவர் இறந்தார்கள். அவை காட்டில் பறித்தவைகூட அல்ல, சீனாவில் பயிரிட்டு வந்தவை. பொய் மோரல் எதுவும் கலக்கவில்லை. எந்த நஞ்சு என்பது விசாரணையில் பிடிபடவில்லை.

இந்த மோரல் நமக்கு முற்றிலும் அந்நியமில்லை. காஷ்மீரிலும் இமாச்சலத்திலும் பனி உருகும் காலத்தில் மலைவாசிகள் பறித்துக் காயவைக்கும் ‘குச்சி’ இதுதான். கிலோ பல ஆயிரம் ரூபாய்க்கு விற்கும் அந்தச் சரக்கு எப்போதாவது உங்கள் சமையலறைக்கு வந்து சேர்ந்தால், ஊறவைத்து மண்போக அலசி, நன்றாக வேகவைத்த பிறகே தட்டில் போடுங்கள்.