கடல் கடந்து சாய்ந்த வீரன்

களத்தில் வீழ்ந்தவனை மறவாதிருத்தல் தமிழர் மரபு. நம் திருவண்ணாமலை மாவட்டத்துச் செங்கம் வட்டாரத்தில் பல்லவர் காலத்து நடுகற்கள் பல உள்ளன. ஆநிரை காக்கும் பூசலில் இன்னான் பட்டான் என்று பெயரைப் பொறித்துக் கல் நட்டார்கள். அந்தப் பூசல் நியாயமானதா என்ற வழக்கு கல்லில் இல்லை. இறந்தவன் பெயர் இருக்கிறது.

அவ்வாறு நினைக்கத்தக்கவர் மேஜர் இராமசாமி பரமேஸ்வரன். தமிழ்க் குடும்பமொன்றில், பம்பாயில், 1946 செப்டம்பர் 13ஆம் நாள் பிறந்தார். சென்னை அதிகாரிகள் பயிற்சிப் பள்ளியில் பயின்று 1972இல் மகார் படைப்பிரிவில் அதிகாரியானார்.

1987 ஜூலை 29ஆம் நாள் ராஜீவ் காந்தியும் ஜெயவர்த்தனாவும் கொழும்பில் ஓர் உடன்பாட்டில் கையெழுத்திட்டனர். அதன்படி இந்திய அமைதி காக்கும் படை இலங்கை சென்றது. ஆனால் அக்டோபரில் அப்படைக்கும் விடுதலைப் புலிகளுக்கும் இடையே போர் மூண்டது. நவம்பர் 25ஆம் நாள் இரவு, தேடுதல் பணி முடித்துத் திரும்பிய பரமேஸ்வரனின் அணியைப் புலிகள் மறைந்திருந்து தாக்கினர். அவர் நிலைகுலையாமல் எதிரிகளைப் பின்புறமாக வளைத்தார். கைகலப்பில் மார்பில் குண்டு பாய்ந்தது. சுட்டவனின் துப்பாக்கியையே பறித்து அவனை வீழ்த்தினார். உயிர் பிரியும்வரை தம் வீரர்களுக்கு ஆணையிட்டார். அப்போது அவருக்கு வயது 41. மறைவுக்குப் பின் பரம்வீர் சக்கரம் வழங்கப்பட்டது.

வீழ்ந்தவர் தமிழர், வீழ்த்தியவரும் தமிழர். இந்தத் துயரம்தான் அவரை நினைப்பதை நமக்குக் கடினமாக்குகிறது. 1987 அக்டோபர் 21, 22ஆம் நாட்களில் யாழ்ப்பாண மருத்துவமனையில் நோயாளிகளும் மருத்துவர்களும் செவிலியரும் அமைதிப் படையினரால் கொல்லப்பட்டனர். 1990 மார்ச்சில் படை சென்னைக்குத் திரும்பியபோது அன்றைய முதலமைச்சர் மு. கருணாநிதி வரவேற்கச் செல்லவில்லை. தமிழர்களைக் கொன்ற படையை எவ்வாறு வரவேற்பது என்பது அவர் கேள்வி. அதைத் தள்ளிவிட முடியாது.

எனினும் கொள்கை வகுப்பவர் வேறு. கட்டளை ஏற்றுச் செல்பவர் வேறு. இலங்கையில் உயிரிழந்த இந்திய வீரர்கள் ஏறத்தாழ 1,200 பேர். அவர்களுள் பலர் நம்மைவிடச் சில ஆண்டுகளே மூத்த இளைஞர்கள். கொழும்பை அடுத்த ஸ்ரீ ஜயவர்த்தனபுர கோட்டையில் இலங்கை அரசே அவர்களுக்கு நினைவிடம் எழுப்பிப் பெயர்களைப் பொறித்துள்ளது. அதுவும் ஒரு நடுகல்லே. 2023இல் அந்தமான் தீவுகளில் ஒன்றுக்குப் பரமேஸ்வரன் பெயர் சூட்டப்பட்டது.

அவரை நினைப்பதால் யாழ்ப்பாணத்தில் மாண்ட எளிய மக்களை மறந்தவராக மாட்டோம். அவர்களுக்காக அழுவதால் வீரனை இகழ்ந்தவராகவும் மாட்டோம். இரண்டு துயரங்களுக்கும் இடமளிக்கும் நெஞ்சத்தைக் கல்வி நமக்குத் தர வேண்டும். செங்கத்து நடுகல்லைக் காணச் செல்லும் நண்பர்கள், கடலுக்கு அப்பாலுள்ள அந்தக் கல்லையும் ஒரு கணம் எண்ணிப் பார்ப்பார்களாக!