வேலியோரம் வரும் காட்டுப்பன்றி



தோட்டத்திலும் கம்பத்திலும் வாழ்கின்ற நம்மவர்களுக்குக் காட்டுப்பன்றி புதிதல்ல. மரவள்ளிக் கொல்லையை ஒரே இரவில் கிளறிப் போட்டுவிடும். விடியற்காலையில் மோட்டார் சைக்கிளில் வேலைக்குப் போகிறவரின் குறுக்கே பாய்ந்து அவரை விழச் செய்துவிடும். அது ஏன் நம்மைத் தேடி வருகிறது?

முதற்காரணம் தீனி. செம்பனை மரத்தடியில் உதிரும் பழங்கள் அதற்கு ஆண்டு முழுவதும் விருந்து. நெகிரி செம்பிலான், பாசோ காட்டில் 1996ஆம் ஆண்டு நடந்த ஆய்வில் ஒரு சதுர கிலோமீட்டருக்கு 47 பன்றிகள் எனக் கணக்கிட்டார்கள். பக்கத்துச் செம்பனைத் தோட்டங்களும், அங்கே புலி இல்லாமற் போனதும் காரணங்களாகக் கூறப்பட்டன.

காட்டுப்பன்றிக்குப் பார்வை மந்தம், மோப்பம் கூர்மை. மனித வாடை பட்டால் பெரும்பாலும் ஓடிவிடும். குட்டிகளோடு இருக்கும் தாயும், காயம்பட்டதும், ஓட வழியின்றி மடக்கப்பட்டதும்தான் பாயும். ஆகவே, எதிரே கண்டால் கூச்சலிடாதீர்கள், கல்லெறியாதீர்கள். அதைப் பார்த்தபடியே மெல்லப் பின்வாங்கி வழிவிடுங்கள். பாய்ந்து வந்தால் மரத்தின் பின்னால் ஒதுங்குங்கள், அல்லது உயரமான இடத்தில் ஏறிக்கொள்ளுங்கள். நாயை ஏவவே கூடாது. பயந்த நாய் உங்களிடமே ஓடிவரும். பின்னால் பன்றியும் வரும்.

எஞ்சிய சோற்றை வேலியோரம் கொட்டாமல் மூடியுள்ள தொட்டியில் போடுங்கள். சிங்கப்பூரில் 2020 ஜூன் முதல் வனவிலங்குகளுக்குத் தீனி போடுவது குற்றம். முதல் முறைக்கே 5,000 வெள்ளி வரை அபராதம் உண்டு.

சிலர் சுருக்குக் கம்பி வைக்கிறார்கள். மலேசியாவில் 2010ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அது குற்றம். பன்றிக்கு வைத்த கம்பியில் புலியும் சிக்கும். 2022ஆம் ஆண்டு வெளியான கணக்கெடுப்பின்படி நம் காடுகளில் எஞ்சியவை 150 புலிகளுக்கும் குறைவு. பன்றிகளின் பெருக்கத்தைக் கட்டுப்படுத்துவதே புலிதான். அதைக் கொன்றுவிட்டுப் பன்றித் தொல்லை என்று புலம்பிப் பயனில்லை. வீட்டு மின்சாரத்தை வேலியில் பாய்ச்சுவது அதைவிடக் கொடுமை. பன்றிக்கு வைத்ததில் பக்கத்து வீட்டுப் பிள்ளை கை வைத்தால் என்னாவது?

தொல்லை மிகுந்தால் வனவிலங்குத் துறையிடம் புகார் செய்யுங்கள். பிள்ளைகள் பள்ளி வேனுக்காக இருட்டில் நிற்கும் இடத்தில் புதரை வெட்டி, ஒரு விளக்குப் போடுங்கள். அதை இந்த வாரமே செய்யலாம்.