தெசலோனிக்கி நகரைக் காண்பது எப்படி?



விடுமுறைக்கு ஓர் ஊர் சென்று திரும்பியவரை, "அங்கே என்ன கண்டீர்?" என்று வினவினால், கோபுரம், கடற்கரை, கடைவீதி, உணவு விடுதி என்று ஒரு பட்டியல் சொல்வார். அப்பட்டியலில் பிழை ஒன்றும் இல்லை. ஆயினும், நூலைப் படிக்கப் பயிற்சி வேண்டுவது போலவே ஊரைக் காணவும் பயிற்சி வேண்டும். அதற்கு மூன்று வினாக்கள் போதும். இதைக் கட்டியவர் யார்? அவருக்குப் பின் இதைப் பயன்படுத்தியவர் யார்? முன்பு இங்கே வாழ்ந்து, இன்று இங்கே இல்லாதவர் யார்? முதல் வினாவுக்கு வழிகாட்டி நூலே விடை கூறிவிடும். இரண்டாம் வினாவுக்குக் கட்டடத்தை ஒருமுறை சுற்றி வர வேண்டும். மூன்றாம் வினாவுக்கு விடை, கேட்பவருக்கே கிடைக்கும்.

இம்மூன்று வினாக்களையும் துணையாகக் கொண்டு, கிரேக்க நாட்டின் வடபகுதியில் உள்ள தெசலோனிக்கி என்னும் கடற்கரை நகருக்கு இன்று மனத்தால் ஒரு பயணம் செல்வோம்.

கிரேக்க நாடு என்றதும் நம் நினைவுக்கு வருவது ஏதென்ஸ் நகரமே. அதற்கு அடுத்த பெரிய நகரம் தெசலோனிக்கி. ஏஜியன் கடல் நிலத்துக்குள் நீண்டு புகுந்து, தெர்மைக் வளைகுடா என்று பெயர் பெறும் இடத்தில், குன்றின் சரிவிலிருந்து கரைவரை இந்நகரம் இறங்கி வருகிறது. கி.மு. 315-ஆம் ஆண்டளவில் மாசிடோனிய மன்னன் கஸாண்டர், சுற்றுப்புறச் சிற்றூர்களை ஒன்று சேர்த்து இதனை அமைத்தான். தன் மனைவியின் பெயரையே ஊருக்கும் இட்டான். அவ்வரசி, மாவீரன் அலெக்சாண்டரின் தந்தை வழிச் சகோதரி ஆவாள். பின்னர் உரோமர் ஆட்சி வந்தது. ஏட்ரியாடிக் கடற்கரையிலிருந்து கிழக்கு நோக்கிச் சென்ற எக்னாத்தியப் பெருவழி இந்நகரைத் தொட்டுச் சென்றது. துறைமுகமும் பெருவழியும் கூடும் இடத்தில் வணிகம் பெருகும். வணிகத்துடன் பல மொழியினரும் பல சமயத்தினரும் வந்து சேர்வர். இவ்வூரின் வரலாறு முழுவதற்கும் இதுவே திறவுகோல் எனலாம்.

நகரைக் காணத் தொடங்குவதற்கு ஏற்ற இடம் கடற்கரைச் சாலை. இங்கே மணற்பரப்பு இல்லை. கல்லால் கட்டிய கரைமீது மக்கள் நடக்கின்றனர். நீராட விரும்புவோர் தென்கிழக்கே உள்ள ஹல்கிடிகி தீபகற்பத்துக்குச் செல்வர். நகரத்தாருக்குக் கரை என்பது மாலைநேர உலாவுக்கு உரியது. முதியோர் மெல்ல நடப்பர். சிறுவர் மிதிவண்டி விடுவர். எள் தூவிய வளைய ரொட்டியை விற்பவர் ஓரத்தில் நிற்பார். வானம் தெளிவாக இருக்கும் நாளில் வளைகுடாவுக்கு அப்பால் ஒலிம்பஸ் மலை தோன்றும். பண்டைக் கிரேக்கர் தம் தெய்வங்களின் இருப்பிடம் என்று நம்பிய அம்மலை 2,900 மீட்டருக்கும் மேல் உயர்ந்தது. கதிரவன் அத்திசையில் மறைவதைக் காணவே பலர் வந்து அமர்வர்.

இக்கரையில் தனியே நிற்கும் வட்ட வடிவக் கோபுரம் வெள்ளைக் கோபுரம் எனப்படும். உயரம் ஏறத்தாழ 34 மீட்டர். நம் வினாக்களை இங்கே கேட்டுப் பார்ப்போம். கட்டியவர் துருக்கியர், நகரின் கோட்டை மதிலுக்குக் காவலாக எழுப்பினர். பின்னர் இது சிறைச்சாலையாயிற்று. உள்ளே நடந்த கொலைகளால் "இரத்தக் கோபுரம்" என்ற பெயரும் பெற்றது. 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் வெள்ளை அடிக்கப்பட்ட பின்னரே இன்றைய பெயர் நிலைத்தது. வெள்ளைப் பூச்சு இப்பொழுது இல்லை. பெயர் மட்டும் இருக்கிறது. இன்று உள்ளே நகர வரலாற்றைக் கூறும் பொருட்காட்சிசாலை நடைபெறுகிறது.

அங்கிருந்து சிறிது தொலைவில் தொல்பொருட் காட்சிசாலை உள்ளது. பொன்னணிகளையும் பெரிய வெண்கலக் கலத்தையும் காண எல்லோரும் கூடுவர். மாணவர்களாகிய நீங்கள் அங்கே காண வேண்டிய மற்றொன்றும் உண்டு. 1962-ஆம் ஆண்டில், நகருக்கு அருகே தெர்வேனி என்னுமிடத்தில் பழைய கல்லறைகளைத் தோண்டியபோது, கரியாகிப்போன ஒரு பாப்பிரஸ் சுருள் கிடைத்தது. அது கி.மு. 4-ஆம் நூற்றாண்டில் எழுதப்பட்டது. ஐரோப்பாவில் கிடைத்துள்ள மிகப் பழைய ஏடு என்று அறிஞர் அதனைப் போற்றுவர். அது எவ்வாறு எஞ்சியது? கிரேக்க நாட்டின் ஈர மண்ணில் பாப்பிரஸ் அழுகிவிடும். இவ்வேடோ, இறந்தவரின் உடலை எரித்த சிதையில் இடப்பட்டுப் பாதி எரிந்து கரியாயிற்று. கரியானமையால் அழுகாமல் பிழைத்தது. அழிக்க வந்த நெருப்பே காப்பாகவும் ஆயிற்று.

அடுத்து, நகரின் உள்ளே செல்வோம். பாரசீகரை வென்றதன் நினைவாக உரோமப் பேரரசன் கலேரியஸ் எடுப்பித்த வளைவு, சாலையோரத்தில் நிற்கிறது. 1,700 ஆண்டுகளுக்கு முற்பட்ட அக்கற்களில் போர்க்காட்சிகள் செதுக்கப்பட்டுள்ளன. பக்கத்துப் பல்கலைக்கழகத்து மாணவர், "வளைவின் கீழே சந்திப்போம்" என்று சொல்லிக்கொள்வது வழக்கம். அப்பல்கலைக்கழகத்தைப் பற்றிப் பின்னர் கூறுவேன்.

வளைவுக்கு வடக்கே ரொட்டுண்டா என்னும் வட்டக் கட்டடம் இருக்கிறது. சுவரின் கனம் மட்டும் ஆறு மீட்டருக்கு மேல். இதையும் கலேரியஸ் காலத்தவரே கட்டினர். பின்னர் கிறித்தவர் இதைத் தேவாலயமாக்கி, மேல்விதானத்தில் பொன்னிறக் கண்ணாடித் துண்டுகளால் ஓவியம் பதித்தனர். துருக்கியர் 1430-இல் நகரைக் கைப்பற்றினர்; 16-ஆம் நூற்றாண்டின் இறுதியில் இது பள்ளிவாசல் ஆயிற்று. வெளியே நிற்கும் மினார் அக்காலத்தது. 1912-இல் நகரம் கிரேக்க நாட்டுடன் சேர்ந்த பின் மறுபடியும் கிறித்தவருடையதாயிற்று. ஒரே கூரையின் கீழ் எத்தனை வழிபாடுகள், பாருங்கள்! இதுவும், நகரின் காவலரான புனித தெமெத்ரியுவின் பேராலயமும் உள்ளிட்ட 15 சின்னங்களை யுனெஸ்கோ நிறுவனம் 1988-இல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது.

மொழி பயிலும் மாணவர் அறிய வேண்டிய செய்தி ஒன்று. 9-ஆம் நூற்றாண்டில் இந்நகரில் பிறந்த சிரில், மெத்தோடியஸ் என்னும் சகோதரர் இருவர், எழுத்து இல்லாதிருந்த ஸ்லாவிய மொழிக்கு எழுத்து வகுத்தனர். நகரைச் சுற்றி அம்மொழி பேசுவோர் வாழ்ந்தமையால் இளமையிலேயே அது அவர்கள் செவிக்குப் பழகியிருந்தது. இன்று ரஷ்ய மொழி எழுதப்படும் எழுத்து சிரிலின் பெயரையே தாங்கியுள்ளது. பல மொழி ஒலிக்கும் ஊரில் பிறப்பதும் ஒரு கல்வியே.

இனி, மூன்றாம் வினாவுக்கு வருவோம். இன்று இங்கே இல்லாதவர் யார்?

1492-இல் ஸ்பெயின் நாட்டு அரசர், தம் நாட்டு யூதரை வெளியேற்றினர். அவர்களுள் பலருக்குத் துருக்கிய சுல்தானின் ஆட்சியில் இடம் கிடைத்தது. தெசலோனிக்கிக்கு வந்து குடியேறியவர், தாம் கொணர்ந்த ஸ்பானிய மொழியை நான்கு நூற்றாண்டுக் காலம் வீட்டிலும் கடையிலும் பேசி வந்தனர். 1913-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில், நகரின் ஏறத்தாழ 1,57,000 மக்களுள் சுமார் 61,000 பேர் யூதர். துருக்கியரும் கிரேக்கரும் தனித்தனியே எண்ணிக்கையில் அவர்களுக்கு அடுத்தே இருந்தனர். துறைமுகத்தில் சுமை தூக்குவோர் யூதராக இருந்தமையால், அவர்களுடைய ஓய்வு நாளாகிய சனிக்கிழமையில் துறைமுகமே ஓய்வு கொண்டது.

அதன்பின் நேர்ந்தவை மிக விரைவாக நேர்ந்தன. 1917 ஆகஸ்டில் மூண்ட பெருந்தீ நகரின் நடுப்பகுதியை அழித்து, 70,000-க்கும் மேற்பட்டோரை வீடற்றவராக்கியது. பிரெஞ்சுக் கட்டடக்கலை வல்லுநர் எர்னஸ்ட் எப்ரார் தலைமையில் புதிய திட்டம் வகுக்கப்பட்டது. கடலை நோக்கித் திறந்து நிற்கும் அழகிய அரிஸ்டாட்டில் சதுக்கம் அத்திட்டத்தில் பிறந்ததே. 1923-இல் கிரேக்கமும் துருக்கியும் மக்களை மாற்றிக்கொள்ள உடன்பட்டன. முஸ்லிம்கள் ஊரைவிட்டுச் சென்றனர். ஆசியா மைனரிலிருந்து கிரேக்க அகதிகள் வந்தனர். காலையில் கடைகளில் கிடைக்கும் பூகாட்சா என்னும் அடுக்குப் பணியாரத்தை இங்கே பரவச் செய்தவர் அவ்வகதிகளே என்பர். அதை உண்ணும் பயணி, வீடு இழந்தவர் கொணர்ந்த சுவையை உண்கிறார்.

1941-இல் ஜெர்மானியப் படை நகருள் நுழைந்தது. 1942 ஜூலை 11-ஆம் நாள், ஒரு சனிக்கிழமை, துறைமுகத்துக்கு அருகே உள்ள சுதந்திரச் சதுக்கத்தில் சுமார் 9,000 யூத ஆடவர் கடும் வெயிலில் நிறுத்தப்பட்டு அவமதிக்கப்பட்டனர். 1943 மார்ச் 15-ஆம் நாள் முதல் இரயில் ஆஷ்விட்ஸ் மரணமுகாமுக்குப் புறப்பட்டது. சில மாதங்களுக்குள் 45,000-க்கும் மேற்பட்டோர் அவ்வாறு கொண்டுசெல்லப்பட்டனர். பெரும்பாலோர் அங்கே சென்றடைந்ததும் கொல்லப்பட்டனர். போருக்குப் பின் நகரில் இருந்த யூதர் சுமார் 2,000 பேரே.

உயிருடன் இருந்தவருக்கு மட்டுமன்று, இறந்தவருக்கும் இடமில்லாது போயிற்று. நூற்றாண்டுகள் பழமையான யூதர் இடுகாட்டில் இலட்சக்கணக்கான கல்லறைகள் இருந்தன. 1942 டிசம்பரில், ஜெர்மானியரின் ஒப்புதலுடன், நகர அதிகாரிகள் அதனை இடித்தனர். பெயர் பொறித்த கற்கள் சுவருக்கும் தளத்துக்கும் கட்டுப்பொருளாயின. அந்த நிலத்தின்மீதே, 1925-இல் நிறுவப்பட்ட அரிஸ்டாட்டில் பல்கலைக்கழகம் பிற்காலத்தில் விரிந்து பரந்தது. வளைவின் கீழே சந்திப்பதாகச் சொன்னேனே, அம்மாணவர் பயிலும் இடம் அதுவே. அங்கே நினைவுச் சின்னம் ஒன்று எழுந்தது 2014-ஆம் ஆண்டில்தான். அதுவரை எத்தனையோ தலைமுறை மாணவர், தம் காலடியில் இருந்தது இன்னதென்று அறியாமலே பட்டம் பெற்றுச் சென்றிருப்பர். இஃது அவர்கள் குற்றமன்று. சொல்ல வேண்டியவர் சொல்லாமற்போன குற்றம். கற்பிக்கும் தொழிலில் இருந்தவன் என்ற முறையில் இச்செய்தி என் மனத்தை உறுத்துகிறது.

இன்று அந்நகரம் தன் பழமையைச் சொல்லக் கற்று வருகிறது. 2001-இல் யூதர் பொருட்காட்சிசாலை திறக்கப்பட்டது. மீட்கப்பட்ட கல்லறைக் கற்களை அங்கே படிக்கலாம். 2024 நவம்பர் 30-ஆம் நாள் சுரங்க இரயில் ஓடத் தொடங்கியது. 2006-இல் தொடங்கிய அப்பணி நீண்டதற்குக் காரணங்களுள் ஒன்று, தோண்டிய இடமெல்லாம் தொல்பொருள்கள் வெளிப்பட்டமை. வெனிசெலோஸ் நிலையத்தில் பழைய வீதியும் கடைகளும் முழுமையாகக் கிடைத்தன. அவற்றை இருந்த இடத்திலேயே வைப்பதா, பெயர்த்தெடுத்துப் பின்னர் பொருத்துவதா என்று நீதிமன்றம் வரை வழக்காடினர். முடிவில் பெயர்த்து மீண்டும் பொருத்தினர். வேலைக்குச் செல்லும் ஒருவர், இரயிலுக்காக நிற்கும் சில நிமிடங்களில், தம் முன்னோர் நடந்த வீதியைக் காண்கிறார்.

நண்பர்களே, இவ்வளவும் அறிந்தபின் கடற்கரை உலா இன்பம் தருமா என்று நீங்கள் கேட்கலாம். தரும். ஓய்வும் அறிவும் பகையல்ல. மாலையில் அதே கரைக்குத் திரும்புங்கள். அங்காடியில் ஒலிவப் பழமும் பாலாடைக்கட்டியும் வாங்கிக்கொள்ளுங்கள். ஒலிம்பஸ் மலைக்கருகே கதிரவன் இறங்குவதைக் காணுங்கள். ஸ்பானிய மொழி பேசிய சுமைக்காரரும் இதே நீரைக் கண்டு களைப்பாறியிருப்பார் என்பதை ஒரு கணம் எண்ணுங்கள். அவருக்கு இனி நாம் செய்யக்கூடியது அவ்வளவே. அதையும் செய்யாதிருத்தல் தகாது.

எந்த ஊருக்குச் சென்றாலும் இம்மூன்று வினாக்களையும் உடன் கொண்டு செல்லுங்கள். முதல் இரண்டுக்கும் விடை கிடைத்ததும் திரும்பிவிடாதீர்கள். மூன்றாவதைக் கேட்டுவிட்டுத் திரும்புங்கள்.