மலைக்குடிகள் – 9: தராசு ஏறாத பிள்ளைகள்

போன வாரம் மகாராஷ்டிரத்தின் மேல்காட்டில் கொர்க்கு மக்களைப் பார்த்தோம். இந்த வாரம் நமக்கு மிக அருகே. கோவையிலிருந்து ஆனைகட்டி வழியாக எல்லையைத் தாண்டினால் அட்டப்பாடி. கேரளத்தின் பாலக்காடு மாவட்டம்தான், ஆனால் இருளர் பேச்சு நம் காதுக்குப் பெரும்பாலும் பிடிபட்டுவிடும்.

இருளர், முடுகர், குறும்பர் வாழும் இந்த மலையில் 2013-ல் பச்சிளங்குழந்தைகள் அடுத்தடுத்து இறந்தன. ஆயிரம் குழந்தை பிறந்தால் இறப்பது 12-தான் என்று கேரளத்தை நாடே மெச்சிக்கொண்டிருந்த நேரம் அது.

காரணம் சத்துக்குறைவு என்றதும் வயிறு உப்பி, கைகால் சூம்பிய இரண்டு வயதுக் குழந்தைதான் நம் கண்ணில் வரும். அட்டப்பாடியில் போன பிள்ளைகளில் பலர் அங்கன்வாடித் தராசில் ஏறும் வயதையே எட்டவில்லை. குறைமாதத்தில், எடையில்லாமல் பிறந்து, சில நாட்களில் போய்விட்டார்கள். சத்துமாவு யாருக்குக் கொடுப்பது?

தாயிடம் போக வேண்டும். பிள்ளைக்கு முதல் ஆறு மாதத்துக்கு வேண்டிய இரும்புச்சத்து பெரும்பாலும் கர்ப்பத்தின் கடைசி மூன்று மாதங்களில்தான் தாயிடமிருந்து இறங்குகிறது. அவளுக்கே ரத்தத்தில் 7, 8 கிராம் ஹீமோகுளோபின் என்றால் எதை இறக்குவாள்? தாய்ப்பாலில் இரும்பு மிகக் குறைவு. அதனால், இரண்டரைக் கிலோ தேறாமல் பிறந்த பிள்ளை பிழைத்தாலும் அதன் கையிருப்பு ஆறு மாதத்துக்கு முன்பே தீர்ந்துவிடும். சோகை பிடிக்கும், நோய் தொற்றும், மறுபடி எடை இறங்கும். "மாத்திரை கொடுத்தோம், அவர்கள் சாப்பிடுவதில்லை" என்று அதிகாரிகள் சொல்வது எல்லா மலையிலும் கேட்கிற பல்லவி. வெறும் வயிற்றில் இரும்பு மாத்திரை குமட்டும் என்பதை அவர்களும் ஒருநாள் விழுங்கிப் பார்க்கலாம்.

அந்த வயிறு ஏன் வெறுமையானது? 1951-ல் அட்டப்பாடியில் பத்துக்கு ஒன்பது பேர் பழங்குடிகள். 2011-ல் பாதிக்கும் கீழே. சமவெளியிலிருந்து குடியேறியவர்கள் கைக்கு நிலம் போனது. ராகி, சாமை, தினை, துவரை விளைந்த காடு போனதும் உலையில் ரேஷன் அரிசி ஏறியது. நூறு கிராம் ராகியில் சுண்ணாம்புச்சத்து 340 மில்லிகிராமுக்கு மேல். தீட்டிய அரிசியில் 10 இருந்தால் அதிகம். துவரையும் காட்டுக்கீரையும் தட்டிலிருந்து நகர்ந்த கணக்கு தனி.

பறிபோன நிலத்தை மீட்டுத்தர 1975-லேயே கேரளம் சட்டம் போட்டது. அதற்கு விதிகள் எழுத 1986 வரை ஆனது. 1999-ல் வந்த புதுச் சட்டமோ, இரண்டு ஹெக்டேர் வரை வைத்திருப்பவர் அப்படியே வைத்துக்கொள்ளலாம், பழங்குடிக்கு மாற்று நிலம் தருவோம் என்றது. பிடுங்கியவனிடமே பட்டாவைக் கொடுத்த சட்டம் என்றுதான் இதைச் சொல்வேன்.

2013-க்குப் பிறகு, கேரள அரசின் மகளிர் குழு அமைப்பான குடும்பஸ்ரீயின் பெண்கள் ஊர்தோறும் சமூக சமையலறை திறந்தார்கள். பின்னர் சிறுதானியத்தை மீட்க ஒரு திட்டமும் வந்தது. இரண்டும் நல்லவை. கர்ப்பிணி ஒரு வேளையாவது சூடாகச் சாப்பிட்டாள். ஆனால் நிதி வரும்வரைதான் அடுப்பு எரியும். சொந்தக் கொல்லையில் விளையும் ராகிக்கு யாருடைய கையெழுத்தும் வேண்டாம்.

கேரள அரசிடம் கேட்க இரண்டு உண்டு. பெண்ணின் ரத்தத்தைக் கர்ப்பமான பிறகு பார்ப்பதை விட்டு, வயதுக்கு வந்த நாளிலிருந்து பாருங்கள். தருவதாகச் சொன்ன மாற்று நிலத்தை, விளையும் நிலமாக, அவள் பெயரிலேயே அளந்து கொடுங்கள்.

(தொடரும்)