கணக்கு வாத்தியார் கப்பலேறிய கதை

நூலகர் வேலைக்கு வெளிநாடு போகலாமா என்று கேட்கிற கோவைப் பிள்ளைகளுக்கு முன்னோடி ஒருவர் உண்டு. எஸ்.ஆர். ரங்கநாதன் 1920இல் கோவை அரசுக் கல்லூரியில் கணக்கு நடத்தியவர். 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகராகப் போனார். சில நாட்களிலேயே சலித்துப்போய், வகுப்பறைக்கே திரும்பிவிடுகிறேன் என்றார். லண்டனில் படித்துவிட்டு வாருங்கள், அப்போதும் பிடிக்காவிட்டால் பார்த்துக்கொள்ளலாம் என்று கப்பலேற்றினார்கள். அங்கே ஒரு கடையில், சில துண்டுகளை மாற்றி மாற்றிப் பூட்டி விதவிதமாகச் செய்யும் மெக்கானோ பொம்மையைக் கண்டார். அதிலிருந்து பிறந்த, நூல்களை வகைப்படுத்தும் கோலன் பகுப்புமுறை 1933இல் நூலானது.

1925இல் ஊர் திரும்பியவர், பொது நூலகச் சட்டத்துக்காக விடாமல் வாதாடினார். 1948இல் அது நிறைவேறியபோது கல்வி அமைச்சர் நம் திருப்பூர்க்காரர், தி.சு. அவினாசிலிங்கம் செட்டியார். இன்றும் வீட்டுவரியோடு நூலக வரி கட்டுகிறோமே, அந்தச் சட்டம்தான்.

இப்போது போவது எப்படி? வளைகுடாவின் சிபிஎஸ்இ பள்ளிகளுக்கு பி.லிப். படித்தவர்கள் இங்கிருந்து போகிறார்கள். சான்றிதழ்களை அட்டெஸ்ட் செய்யும் அலைச்சல்தான் பெரிது. அமெரிக்காவில், அந்நாட்டு நூலகச் சங்கம் அங்கீகரித்த முதுகலைப் பட்டத்தையே பல நூலகங்கள் கேட்கும். பிற நாடுகளின் முறையான பட்டத்தையும் ஏற்கலாம் என்று அச்சங்கத்தின் விதி சொல்கிறது. ஆனால் முடிவு வேலை தருபவர் கையில். விசாவோ தனிப் பஞ்சாயத்து.

நம் கல்லூரிகளில் புழங்கும் கோஹா என்ற நூலக மென்பொருள் நியூசிலாந்தில் பிறந்தது. அது தெரிந்திருப்பது கைகொடுக்கும். என்னைக் கேட்டால், அதைவிடப் பெரிய கைமுதல் தமிழ். சிங்கப்பூரில் அது ஆட்சிமொழி. தேசிய நூலகத்தில் தமிழுக்குத் தனித் தொகுப்பே உண்டு. அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் டெல்லியில் அலுவலகம் வைத்துத் தமிழ் நூல்களை வாங்குகிறது. வாங்கியதைப் பட்டியலிட ரோமன் எழுத்தில் பெயர்க்க வேண்டும், அங்கேதான் சூட்சுமம். ல, ள, ழ மூன்றுக்கும் ஒரே 'எல்'தான்: ளகரத்துக்கு அடியில் புள்ளி, ழகரத்துக்கு அடியில் கோடு. ககரத்துக்கு எங்கே வந்தாலும் 'கே'. 'காந்தி' என்று தொடங்கும் தமிழ்த் தலைப்பை அமெரிக்கப் பட்டியலில் 'ஜி'யில் தேடினால் கிடைக்காது, 'கே'யில் போய்ப் பார்க்க வேண்டும்.