செரமிக் கோட்டிங்: வேனின் மினுக்கத்தை வீட்டிலேயே காப்பாற்றலாமா?

வாகனம் என்பது இன்று எமது நாட்டில் சாதாரணப் பொருளல்ல. 2020 மார்ச் மாதம் அந்நியச் செலாவணியைக் காப்பாற்றும் நோக்கில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. 2022 இல் ரூபாவின் பெறுமதி சரிந்தது. 2025 பெப்ரவரியில் தனியார் வாகன இறக்குமதிக்கு மீண்டும் வழி திறக்கப்பட்டபோதும், வரிச்சுமையைக் கேட்டதும் பலர் பின்வாங்கினர். விளைவு, பத்து வருடம் ஓடிய வேனை இன்னும் பல வருடம் ஓட்டியாக வேண்டும் என்ற நிலைக்கு நம்மவர்கள் வந்துவிட்டனர்.

எஞ்சினுக்கு உதிரிப்பாகம் தேடி பஞ்சிகாவத்தைக்குப் போகலாம். ஆனால் வெயிலில் வெளுத்த கூரையையும், பறவை எச்சம் பட்டு அரித்த பொனட்டையும் சரிசெய்ய முழு பெயின்டே அடிக்க வேண்டியிருக்கும். அந்தச் செலவை அறிந்தவர்களுக்கு, இருக்கும் பெயின்டைக் காப்பாற்றுவது எவ்வளவு பெரிய சேமிப்பு என்பதைச் சொல்லத் தேவையில்லை. சரக்கு கொண்டுபோகும் வேன், கடையின் ஓடும் பெயர்ப்பலகையும் கூட. அதனால்தான் ‘செரமிக் கோட்டிங்’ பற்றி இப்போது வியாபாரிகள் மத்தியிலும் அதிகம் பேசப்படுகிறது. கடையில் கொடுத்துச் செய்வதற்குக் கேட்கும் தொகையைப் பார்த்துவிட்டு, ‘போத்தலை வாங்கி வீட்டிலேயே பூசினால் என்ன?’ என்று கேட்பவர்களும் உண்டு. செய்யலாம். ஆனால் எதை வாங்குகிறோம், எதை எதிர்பார்க்கிறோம் என்பதைத் தெரிந்துகொண்டு செய்ய வேண்டும்.

இது என்ன பூச்சு?

பெயரில் ‘செரமிக்’ என்று இருந்தாலும், இது பீங்கான் போலச் சூளையில் சுட்ட பொருளல்ல. சிலிக்கன் அடிப்படையிலான ஒரு பிசின், விரைவில் ஆவியாகும் கரைப்பானில் கலந்து சிறிய போத்தலில் வருகிறது. பூசியதும் கரைப்பான் ஆவியாகிவிடும். எஞ்சியது காற்றிலுள்ள ஈரத்துடன் சேர்ந்து இறுகி, கண்ணாடி போன்ற மெல்லிய படலமாகப் பெயின்டுடன் ஒட்டிக்கொள்ளும். மெழுகு வெயிலிலும் சோப்பிலும் சில வாரங்களில், மிஞ்சினால் சில மாதங்களில் போய்விடும். நன்றாக இறுகிய செரமிக் படலத்தைச் சாதாரண ஷம்பூ கரைக்காது. ஆகவே அது வருடக்கணக்கில் நிற்க முடியும்.

அதன் தடிப்பு எவ்வளவு தெரியுமா? ஒரு மைக்ரோன் அளவு, சிலவேளை அதிலும் குறைவு. மைக்ரோன் என்பது ஒரு மில்லிமீற்றரின் ஆயிரத்தில் ஒரு பங்கு. தொழிற்சாலையில் அடித்த பெயின்ட் முழுவதும் சேர்ந்து சுமார் 100 முதல் 150 மைக்ரோன் இருக்கும். அதன் மேலுள்ள நிறமற்ற கிளியர் கோட் மட்டும் 40, 50 மைக்ரோன் வரும். இந்தக் கணக்கை மனதில் வைத்துக்கொண்டால் விளம்பரங்களின் பாதி மாயம் கலைந்துவிடும்.

‘9 எச்’ என்ற கதை

பெட்டிகளில் ‘9 எச் கடினம்’ என்று பெரிதாகப் போட்டிருப்பார்கள். வைரத்துக்கு 10, இதற்கு 9 என்று பலர் நினைத்துக்கொள்கின்றனர். அது வேறு அளவுகோல். இந்த 9 எச் பென்சில் சோதனையிலிருந்து வந்தது. அந்தச் சோதனையில் பாவிக்கும் பென்சில்களில் மிகக் கடினமானது 9 எச். அதனால் குறிப்பிட்ட அழுத்தத்தில் இழுத்தும் படலம் கீறுப்படவில்லை என்பதே அதன் பொருள். பென்சிலைத் தாங்குவது வேறு, மோட்டார் சைக்கிளின் ஹேண்டில் உரசுவது வேறு.

இந்தப் பூச்சு செய்வது: மழைநீர் முத்துப்போல் உருண்டு ஓடும், சேறு இறுக ஒட்டாது, கழுவுவது இலகு, வெயிலால் ஏற்படும் மங்கல் தாமதமாகும், பறவை எச்சத்தைத் துடைக்கச் சற்று அவகாசம் கிடைக்கும்.

செய்யாதது: கல் தெறித்து உண்டாகும் காயத்தைத் தடுக்காது. ஆழமான கீறலைத் தடுக்காது. கதவின் அடியில் ஏற்கனவே தொடங்கிய துருவை நிறுத்தாது. கடற்காற்று வீசும் காத்தான்குடி, பேருவளை போன்ற ஊர்களில் உள்ளவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். உப்பு அரிப்பது பெரும்பாலும் வாகனத்தின் அடியிலும் மடிப்புகளிலும்தான். மேலே பூசிய படலம் அங்கே எட்டாது.

முதல் நாள் வேலை: சுத்தம்

வேலையில் முக்கால்வாசி பூசுவதற்கு முன்னரே முடிகிறது. அழுக்கின் மேல் பூசினால் அழுக்குத்தான் பாதுகாக்கப்படும். கீறலின் மேல் பூசினால் கீறலும் மினுங்கும்.

முதலில் தண்ணீர் அடித்து மண்ணை அகற்றவும். இரண்டு வாளிகள் வைத்துக்கொள்ளுங்கள். ஒன்றில் வாகன ஷம்பூ, மற்றதில் துணியை அலசும் வெறும் தண்ணீர். ஒரே வாளியில் முக்கி முக்கித் தேய்த்தால் மணலைத்தான் பெயின்டில் தேய்க்கிறோம். மெழுகு கலந்த ஷம்பூ வேண்டாம். ஒட்டியிருக்கும் தாரைத் தார் நீக்கியால் எடுக்கவும். மண்ணெண்ணெய் பாவிப்பவர்கள் உண்டு, அது எண்ணெய்ப் படலத்தை விட்டுச் செல்லும் என்பதால் பின்னர் மீண்டும் கழுவியே ஆக வேண்டும்.

கழுவிய பின் கையை ஒரு மெல்லிய பொலித்தீன் பையினுள் விட்டு பொனட்டில் தடவிப் பாருங்கள். மணல்தாள் போல் சொரசொரப்புத் தெரிந்தால் பிரேக் தூளும் இரும்புத் துகளும் பெயின்டில் பதிந்துள்ளன. அதற்குத்தான் ‘கிளே பார்’ என்ற களிமண் போன்ற கட்டி. வழுக்கும் திரவத்தைத் தெளித்து, அழுத்தாமல் முன்னும் பின்னுமாக ஓட்ட வேண்டும். கீழே விழுந்த கட்டியை மீண்டும் பாவிக்கக் கூடாது. அதில் ஒட்டிய ஒரு மணல் போதும், பொனட் முழுவதும் கோடு விழும்.

அடுத்தது பொலிஷ். சிலந்தி வலை போன்ற கோடுகளை இதில்தான் அகற்றலாம். பொலிஷ் என்பது கிளியர் கோட்டைச் சிறிதளவு சீவி எடுப்பதே. அது திரும்ப வளராது. பழக்கமில்லாதவர் வேகமாகச் சுழலும் பெரிய மெஷினைப் பிடித்தால் மூலைகளில் பெயின்ட் எரிந்துபோகலாம். கையால் செய்யுங்கள், அல்லது சுழன்றுகொண்டே ஆடும் வகை மெஷினைப் பாவியுங்கள். பழைய வேன்களிலும் லொறிகளிலும் கிளியர் கோட் இல்லாத பெயின்ட் இருக்கக்கூடும். துணியில் வாகனத்தின் நிறம் ஏறினால் அந்த வகை என்று அறிந்துகொள்ளலாம். அதில் இன்னும் மெதுவாகப் போக வேண்டும்.

இறுதியாக, பொலிஷின் எண்ணெயை அகற்ற ஐசோப்ரொப்பைல் அல்கஹோலை நீர் கலந்து ஒவ்வொரு பகுதியாகத் துடைக்கவும். இந்த ஒரு வேலையை விட்டுவிட்டுப் பூசியதால் சில மாதங்களில் கோட்டிங் கழன்றுபோவதுண்டு. பழி போத்தலின் மீது விழும்.

இரண்டாம் நாள் வேலை: பூசுதல்

நிழலுள்ள, தூசு பறக்காத, காற்றோட்டமான இடம் தேவை. வாகனத்தின் தகடு கையில் சுடக் கூடாது. அதிகாலை நல்லது. மேற்கிலும் தெற்கிலும் உள்ளவர்களுக்கு ஜனவரி முதல் மார்ச் வரையும், கிழக்கில் உள்ளவர்களுக்கு மே முதல் ஆகஸ்ட் வரையும் மழை குறைந்த காலம். மூடிய கராஜ் இல்லாதவர்கள் இந்த மாதங்களைத் தெரிவுசெய்யட்டும்.

கையுறையும், இரசாயன ஆவியை வடிகட்டும் முகக்கவசமும் அவசியம். சாதாரணத் துணி மாஸ்க் தூசைத் தடுக்கும், கரைப்பானின் ஆவியைத் தடுக்காது. பக்கத்தில் அடுப்போ சிகரெட்டோ கூடாது. சிறு பிள்ளைகளைத் தூரத்தில் வையுங்கள்.

சிறிய துணி சுற்றிய ஸ்பொன்ஜில் சில துளிகள் விட்டு, இரண்டடிக்கு இரண்டடி அளவான பகுதியில் முதலில் நெடுக்காகவும் பின்னர் குறுக்காகவும் பூசவும். முழுக் கதவையும் ஒரேயடியாகப் பூசிவிட்டுப் பிறகு துடைக்கலாம் என்று எண்ண வேண்டாம். எமது காற்றில் ஈரப்பதம் அதிகம். ஈரத்தால் இறுகும் பொருள் இங்கே எதிர்பார்த்ததை விட விரைவாக இறுகும். படலத்தில் எண்ணெய் மிதக்கும் தண்ணீரில் தெரிவது போல வானவில் நிறங்கள் தோன்றும்போது துடைக்க வேண்டிய நேரம் வந்துவிட்டது. போத்தலில் சொல்லப்பட்ட நேரத்தை வைத்து முதலில் ஒரு சிறு மூலையில் சோதித்துப் பாருங்கள்.

ஒரு மைக்ரோபைபர் துணியால் அழுத்தாமல் சமப்படுத்தி, இன்னொரு சுத்தமான துணியால் முடிக்கவும். பின்னர் கையில் விளக்கை எடுத்துப் பக்கவாட்டில் பிடித்துப் பாருங்கள். கருமையான திட்டுத் தெரிந்தால் அங்கே பூச்சு மிஞ்சியுள்ளது. உடனே கண்டால், அதே திரவத்தைச் சிறிது தடவி இளக்கித் துடைத்துவிடலாம். மறுநாள் கண்டால் பொலிஷ் செய்துதான் எடுக்க வேண்டும். வேலைக்குப் பாவித்த துணிகளை மீண்டும் வாகனத்தில் பாவிக்கக் கூடாது. அதிலுள்ள பூச்சு இறுகி, துணி உரத் தாளாகிவிடும்.

அதன்பின் ஒரு நாளாவது நனையாமல் வைத்திருக்க வேண்டும். ஒரு வாரத்துக்கு ஷம்பூ கூடாது. ஆக, வேன் எத்தனை நாள் ஓடாது என்பதையும் செலவில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

வியாபாரிகள் கவனிக்க வேண்டியவை

முதலாவது, ஸ்டிக்கர். கடையின் பெயரையும் தொலைபேசி இலக்கத்தையும் வேனில் ஒட்ட எண்ணியிருந்தால் கோட்டிங்குக்கு முன்னரே ஒட்டிவிடுங்கள். எதுவும் ஒட்டாதபடி செய்யும் பூச்சில் ஸ்டிக்கர் மட்டும் எப்படி உறுதியாக ஒட்டும்?

இரண்டாவது, புதிய பெயின்ட். கராஜில் அண்மையில் பெயின்ட் அடித்த பகுதி உள்ளே காய்ந்து முடியக் குறைந்தது ஒரு மாதமாவது விடுங்கள். பெயின்ட் அடித்தவரிடமும் கேட்டுக்கொள்ளுங்கள்.

மூன்றாவது, விபத்துத் திருத்தம். கோட்டிங் செய்த வாகனத்துக்குப் பின்னர் பெயின்ட் அடிக்க நேர்ந்தால் அதனைப் பெயின்டரிடம் சொல்லிவிட வேண்டும். சிலிக்கனை நன்றாகத் தேய்த்து அகற்றாவிட்டால் புதிய பெயின்டில் மீன்கண் போன்ற குழிகள் விழும்.

நான்காவது, தண்ணீர். யாழ்ப்பாணம், புத்தளம் போன்ற சுண்ணாம்புப் பாறைப் பிரதேசங்களில் கிணற்றுநீரைத் தானாகக் காயவிட்டால் வெள்ளைப் புள்ளிகள் விழும். செரமிக் பூச்சு இதற்கு விதிவிலக்கல்ல. முத்துப்போல் நிற்கும் துளி அதே இடத்தில் காய்ந்து, புள்ளி இன்னும் தெளிவாகத் தெரியும். கழுவியதும் துடைத்துவிடுவதே மருந்து.

கணக்கு சரிவருமா?

போத்தலின் விலையை மட்டும் கடைக்காரர் கேட்கும் தொகையுடன் ஒப்பிட வேண்டாம். கிளே பார், பொலிஷ், அல்கஹோல், பல துணிகள், முகக்கவசம், இரண்டு நாள் உழைப்பு, வேன் ஓடாத நாட்களின் வருமானம் என எல்லாவற்றையும் கூட்டுங்கள். காருக்குப் பொதுவாக 30 மில்லிலீற்றர் போதுமானால், உயர்ந்த கூரையுள்ள வேனுக்கு 50 அல்லது அதற்கு மேலும் தேவைப்படும். திறந்த போத்தல் காற்றின் ஈரத்தில் இறுகிவிடும் என்பதால் மிச்சத்தை அடுத்த வருடத்துக்கு வைக்க முடியாது. சகோதரர்கள் இருவர் தத்தம் வாகனங்களை ஒரே கிழமையில் செய்தால் செலவு பகிரப்படும்.

பெயின்ட் நல்ல நிலையில் உள்ள, இன்னும் பல வருடம் வைத்திருக்கப்போகும் வாகனத்துக்கு இது பொருத்தமான செலவு. பெயின்ட் உரிந்து, துரு ஏறிய வாகனத்துக்கு முதலில் தகட்டு வேலையே தேவை. நாள் முழுவதும் கட்டட வேலைக்கு மணலும் கம்பியும் ஏற்றும் லொறிக்கு, வருடத்தில் சில தடவை நல்ல மெழுகு பூசுவதே போதுமானது.

சில இளைஞர்கள் இதனையே தொழிலாகத் தொடங்கியுள்ளனர். குறைந்த முதலில் ஆரம்பிக்கக்கூடிய தொழில்தான். ஆனால் ‘கீறலே விழாது’, ‘ஆயுளுக்கும் நிற்கும்’ என்று சொல்லி விற்றால், முதல் கீறலுடன் வாடிக்கையாளரும் போய்விடுவார். எத்தனை வருடம் நிற்கும் என்பது பூசும் முன் செய்த சுத்தத்திலும், பூசிய பின் கழுவும் முறையிலும் தங்கியுள்ளது. சேர்விஸ் ஸ்டேஷனில் கடும் சோப்பும் முரட்டு பிரஷ்ஷும் போட்டால் எந்தப் பூச்சும் நிலைக்காது. உள்ளதை உள்ளபடி சொல்லி விற்பவரிடமே அடுத்த வாகனமும் வரும்.