சொந்தச் செக்கெண்ணெய்தான்... கொழுப்பு ஏன் ஏறுகிறது?

‘எங்கள் காட்டில் விளைந்த கடலையை மரச்செக்கில் ஆட்டித்தான் சமைக்கிறோம். அப்படியும் என் வீட்டுக்காரருக்கு டிரைகிளிசரைடு 380 வந்திருக்கிறது. ஆளிவிதை எண்ணெய் குடித்தால் மாத்திரையை நிறுத்திவிடலாம் என்கிறார்கள். உண்மையா?’

திண்டிவனம் பகுதி வாசகி ஒருவரின் கேள்வி இது. மாத்திரையை நிறுத்த வேண்டாம். டாக்டர் எழுதிக் கொடுத்த மாத்திரைக்கு எந்த எண்ணெயும் மாற்று கிடையாது.

பரிசோதனைச் சீட்டில் எல்.டி.எல் என்று இருக்கிறதே, அது ஏறுவதற்கு எண்ணெயின் வகையும் ஒரு காரணம். தேங்காய் எண்ணெயில் சுமார் 90 சதவிகிதமும், பாமாயிலில் ஏறக்குறையப் பாதியும் நிறைவுற்ற கொழுப்பு. இதுதான் எல்.டி.எல்-லை ஏற்றும். கடலை எண்ணெயில் இது சுமார் 5-ல் ஒரு பங்குதான். நல்லெண்ணெயில் இன்னும் குறைவு. ஆகவே, உங்கள் கடலை மீது பழி போட வேண்டியதில்லை. ‘கொலஸ்ட்ரால் இல்லாதது’ என்று பாக்கெட்டில் அச்சடித்து விற்கிறார்களே, அதிலும் பெருமை ஒன்றுமில்லை. எந்தத் தாவர எண்ணெயிலும் சொல்லும்படி கொலஸ்ட்ரால் கிடையாது.

டிரைகிளிசரைடு கதை வேறு. மூன்று வேளையும் தட்டு நிறையச் சோறு, சர்க்கரை போட்ட டீ, மது, கட்டுக்குள் வராத நீரிழிவு... இவைதான் அதை அதிகம் ஏற்றுபவை. செலவாகாமல் மிஞ்சும் மாவுச்சத்தைக் கல்லீரல் கொழுப்பாக மாற்றி ரத்தத்தில் விடுகிறது. வெல்லமும் சர்க்கரைதான், நாட்டு வெல்லம் என்பதற்காக விதிவிலக்கு இல்லை.

எண்ணெயின் அளவும் முக்கியம். சொந்த எண்ணெய் உள்ள வீடுகளில் ஒரு சிக்கல் உண்டு. டின் நிறைய இருக்கும்போது கை தாராளமாகச் சாயும். மரச்செக்கோ, ரீஃபைண்டோ, ஒரு கிராம் எண்ணெய் 9 கலோரிதான். ஆளுக்கு மாதம் அரை லிட்டர் என்று வைத்து, 4 பேர் வீட்டுக்கு 2 லிட்டரைத் தனியாக ஊற்றி வைத்துப் பாருங்கள். எத்தனாம் தேதி தீர்கிறது என்பதே பதில் சொல்லிவிடும்.

ஆளிவிதை நல்ல பொருள்தான். அதன் எண்ணெயில் பாதிக்கு மேல் ஒமேகா-3. ஆனால், மீனில் கிடைக்கும் ஒமேகா-3 ஆக அதில் கொஞ்சத்தைத்தான் நம் உடம்பு மாற்றும். விலை கொடுத்து எண்ணெய் வாங்குவதைவிட, விதையை லேசாக வறுத்துப் பொடித்து, தினம் ஒரு ஸ்பூன் இட்லிப் பொடியில் சேர்க்கலாம். முழுசாக விழுங்கினால் அப்படியே வெளியேறிவிடும்.

கடல்பாசி எண்ணெய் என்று மருந்துக்கடையில் குப்பி மாத்திரை விற்கிறார்கள். மீனுக்கே ஒமேகா-3 பாசியிலிருந்துதான் வருகிறது என்பதால், சைவர்களுக்கு இது நேர்வழி. டிரைகிளிசரைடு இறங்க நாளைக்குச் சில கிராம் ஒமேகா-3 தேவை. பல மாத்திரைகளில் அரை கிராம்கூட இருப்பதில்லை. டாக்டரைக் கேட்காமல் காசைக் கொட்டாதீர்கள். மீன் சாப்பிடுகிறவர்களுக்கு வாரம் இரண்டு நாள் மத்தி மீன் குழம்பு மலிவு.

3 மாதம் இப்படி இருந்துவிட்டு, இரவுச் சாப்பாட்டுக்குப் பின் 10-12 மணி நேரம் தண்ணீர் மட்டும் குடித்து, மறுபடி ரத்தம் கொடுங்கள். டிரைகிளிசரைடு 500-ஐத் தாண்டியிருந்தால் கணையம் வீங்கும் ஆபத்து உண்டு. அப்போது சமையலறையில் வைத்தியம் தேடாமல் உடனே டாக்டரைப் பாருங்கள்.